துர்கா போட்ட கட்டு

ஆரணியில் பாவு பிணைக்கத் துர்காவை விட்டால் ஆளில்லை என்பார்கள். தறியில் தீரப்போகும் பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாகத் திரித்துச் சேர்க்கிற வேலை. ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று விட்டுப்போனாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

அவள் நாய் சிட்டுவின் முன்னங்காலில் பைக் ஏறி எலும்பு முறிந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் எழிலரசி மட்டை வைத்துக் கட்டினார். "மூணு வாரம் நடக்க வுடாதீங்க. தினம் விரல தொட்டுப் பாருங்க. சில்லுனு இருந்தாலோ, கட்டு லூசானாலோ உடனே கொண்டாங்க. நீங்க கை வைக்காதீங்க."

முதல் இரண்டு நாள் எல்லாம் சொன்னபடிதான் நடந்தது. ஓடாத தறியின் குழியில் சாக்கு விரித்து நாயை விட்டாள். மாத்திரையை இட்லியில் பொதிந்து கொடுத்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் கட்டின் ஓரம் நெகிழ்ந்தது. இதற்குப் போய் ஆட்டோ பிடிப்பாளா, பிணைக்கிறவள்? கழிவுப் பட்டு நூலை எடுத்து, விரல் மறைய இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கை சும்மா இருந்தால்தானே!

அனத்திக்கொண்டே கிடந்த நாய் அன்றிரவு சத்தமே போடவில்லை. "பாத்தியா, என் கைராசி" என்று காலையில் கணவன் தசரதனிடம் பீற்றிக்கொண்டாள். பிறகுதான் நூலுக்குள் விரலை விட்டுத் தொட்டாள். சில்லென்றிருந்தது. நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தசரதன் ஆட்டோ பிடித்துவர, இருவரும் நாயைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டர் நூலை வெட்டினார். பாதம் உப்பி நீலம் பாரித்திருந்தது.

"யாரு கட்னது?"

"நான்தாங்க."

"ரத்தமே போகல. மரத்துப்போய்த்தான் அடங்கிக் கெடந்திருக்கு. கால் தேறுமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா."

வலி குறைந்ததென்று நினைத்தாளே, பாவி!

அரைமணி நேரம் கழித்து டாக்டர் இடுக்கியால் விரலைக் கிள்ளினார். அசைவில்லை. இன்னொரு விரலைக் கிள்ளினார். சிட்டு வெடுக்கென்று திரும்பி, கழுத்தைப் பிடித்திருந்த துர்காவின் ஆள்காட்டி விரலைக் கடித்தது.

"வலி தெரியுது. கால் தப்பிச்சிடும்" என்றார் டாக்டர். துர்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"மொதல்ல சோப்பு போட்டுக் கால்மணி நேரம் கழுவுங்க. அப்புறம் பெரியாஸ்பத்திரில ஊசி போட்டுக்கோங்க."

பத்து நிமிடத்தில் தசரதனுக்குப் பொறுக்கவில்லை. "எவ்ளோ நேரம் கழுவிகினு இருப்ப? போதும் வா."

"டாக்டரம்மா கால்மணி நேரம்னாங்க" என்றாள் துர்கா, குழாயை மூடாமல்.