தேடாமல் கிடைத்தது

மருத்துவரைப் பார்க்க இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் பரிசோதனை அறிக்கை என் கைபேசிக்கு வந்துவிட்டது. நான்கு பக்கம், ஆங்கிலத்தில்.

புற்றுநோய் வந்த என் சிறுநீர்ப்பையைக் கோயம்புத்தூரில் எடுத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. ஆண்களுக்கு அந்த அறுவையில், பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். எடுத்ததை ஆய்வுக்கூடத்தில் நறுக்கிப் பார்த்து எழுதியதுதான் அந்த அறிக்கை. நல்லூர் வீட்டில், வயிற்றின் வலப்பக்கம் ஒட்டிய பிளாஸ்டிக் பையில் சிறுநீர் சேர்ந்துகொண்டிருக்க, கட்டிலில் சாய்ந்தபடி படித்தேன்.

பத்திரிகை அலுவலகத்தில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கியே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். முதல் இரண்டு பக்கத்தில் எதிர்பார்த்ததே இருந்தது. சிறுநீர்ப்பைக் கட்டி தசை வரை போயிருந்தது. நிணநீர் முடிச்சுகளில் பரவல் இல்லை. மூன்றாம் பக்கத்தில் புரோஸ்டேட் என்று ஒரு தலைப்பு. அதன் கீழே, தற்செயலாகக் காணப்பட்ட புற்றுநோய் என்றது முதல் வரி. அதற்கு மேல் படிக்கவில்லை. அந்த வரியை மூன்று விதமாக மொழிபெயர்த்துப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அது இன்னொரு புற்றுநோயாகவே இருந்தது.

மனைவியிடம் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். காபி ஆறிக் கிடந்ததைப் பார்த்து அவளே கேட்டுவிட்டாள். சொன்னேன்.

"தற்செயலான்னா என்னங்க?"

"வேற ஒண்ணப் பாக்கறப்ப கண்ணுல பட்டது."

அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவள். கறை இருக்கிறதா என்று பார்க்கும்போது ஓட்டை ஒன்று கண்ணில் பட்டால், அந்த ஒரு துணியை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போக மாட்டார்கள். கட்டி வைத்த மூட்டை அத்தனையையும் பிரித்து மறுபடி பார்ப்பார்கள்.

"தேடாமயே ஒண்ணு கெடச்சிருக்குதுங்க," என்றாள். "தேடுனா எத்தன கெடைக்குமோ."

அந்தக் கணக்கில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம், பையை மாற்றிவிட்ட பிறகு, என்னைக் கேட்காமலே ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னாள். விரல்கள் விலா எலும்புகளில் ஒவ்வொன்றாக இறங்கின. அக்குள், தோள்பட்டை, கழுத்து. கழுத்தின் பின்புறம் ஓரிடத்தில் நின்றன.

"இது முன்னமே இருந்ததுங்களா?"

எனக்குத் தெரியவில்லை. சொந்தக் கழுத்தின் பின்புறத்தை யார் பார்த்திருக்கிறார்கள். அடுத்த இரண்டு நாளும் என் கை அங்கேயே போய்க்கொண்டிருந்தது. முதுகு வலித்தது; அது படுத்தே கிடந்ததால் வந்ததா என்று யோசித்து யோசித்து வலி கூடியது.

மூன்றாம் நாள் மருத்துவரிடம் கழுத்தைப் பற்றி எனக்கு முன்பே அவள் கேட்டாள். அவர் கழுத்தை அழுத்திப் பார்த்து, வெறும் கொழுப்புக் கட்டி என்றார். புரோஸ்டேட்டில் இருந்தது மிகச் சிறியது, வீரியம் குறைந்தது, சுரப்பியைத் தாண்டவில்லை, சுரப்பியே இப்போது உடம்பில் இல்லை என்று விளக்கினார். சிறுநீர்ப்பை எடுத்த என் வயது ஆண்கள் பலருக்கு இப்படித் தென்படுவதுண்டாம். அவ்வப்போது ஒரு ரத்தப் பரிசோதனை போதும், இதனால் ஆயுள் குறைவது அபூர்வம் என்றார். மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப பயப்பட ஒண்ணுமில்லீங்களா?" என்று கேட்டேன்.

அவர் அறிக்கையின் முதல் பக்கத்தைத் திருப்பி, சிறுநீர்ப்பைக் கட்டியைப் பற்றிய வரியில் விரலை வைத்தார். "மூணு நாளா நீங்க தப்பான பக்கத்தப் பாத்துப் பயந்திருக்கீங்க. நான் பாத்துட்டிருக்கறது இதத்தான். திரும்பி வர்றதா இருந்தா, பெரும்பாலும் மொத ரெண்டு மூணு வருசத்துல வரும்."

மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுக்க வரச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பக்கத்தை நான் ஒரு சொல் விடாமல் படித்திருந்தேன். தெரிந்த செய்திதானே என்று தாண்டிப் போயிருந்தேன்.

திரும்பும் வழியில், காரில், மனைவி கைபேசியை என்னிடம் நீட்டினாள். முதல் பக்கத்திலிருந்து தமிழில் சொல்லச் சொன்னாள். ஆரம்பித்தேன். தசை வரை என்ற இடத்தில் நிறுத்தி, அந்த வரியை மறுபடி எனக்குள் படித்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. கார் அவிநாசியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.