பொட்டு வைத்த பிளொப்பி

ஓய்வு பெற்ற பிறகு, நான் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோர்க்காரர் என்னைத் தேடி வந்தது ஒரே ஒருமுறை. அதுவும் அன்பினால் அல்ல. வாவிக் காற்றில் துருவேறி மூலையில் கிடந்த பழைய யுனிக்ஸ் கணினி எழும்ப மறுத்தது. அதை எழுப்பத் தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான் மட்டும்.

கரடியனாற்றிலிருந்து வந்த விதவை ஒருத்தி வாசல் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். அவள் புருசனின் வயலை அவனுடைய தமையன் பிடித்து உழுதுகொண்டிருந்தான். அந்த வயல் கிடக்கும் வட்டையில் எந்தத் துண்டை யார் பயிர் செய்தார்கள் என்ற பட்டியலின் கடதாசிப் பிரதியைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சம் கணினிதான். மறுநாள் விசாரணைக்கு, அந்தப் பட்டியலைப் பார்த்து எழுதிய கந்தோர்க் கடிதம் வேண்டும்.

"இரிக்கும்தானே சேர்?"

"நான் செஞ்ச வேல புள்ள. இல்லாம எங்க போற?"

தானாக எழும்பாத கணினியைப் பிளொப்பி போட்டு எழுப்பலாம். அதற்கான கோப்பு என்னிடம் இருந்தது. எழுதுவதற்கு ஒரு பிளொப்பிதான் இல்லை. கந்தோர் லிகிதர் மேசை லாச்சியைத் துழாவி ஒன்றை எடுத்தார். ஒட்டுத்தாள் முழுவதும் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். வாணி விழாவுக்குக் கந்தோர்ச் சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைப்பவர் அவர்தான்.

"பிளொப்பிக்கும் பொட்டா ஓய்? நல்லகாலம், மூக்குத்தி குத்தல்ல."

"அடியில என்னவோ எழுதியிரிக்காப்போல சேர். சுரண்டிப் பாக்கட்டா?"

"உம்மட கோலத்தச் சுரண்ட எனக்கு நேரமில்ல. தாரும்."

அழிக்காமல் தடுக்கும் சிறு பூட்டும் போட்டிருந்தது. எவனோ பயந்தாங்கொள்ளி. நகத்தால் தள்ளித் திறந்தேன். பக்கத்து மேசைக் கணினியில் அதில் இருந்ததைத் துடைத்து, என் கோப்பை எழுதினேன்.

கிழட்டுக் கணினி முனகிக்கொண்டு எழும்பியது. லிகிதர் கைதட்டினார். வட்டையின் பட்டியலைத் திறந்தேன். ஆங்கிலத்தில் ஒரே வரி இருந்தது: 'இடமில்லை. பட்டியல் பிளொப்பிக்கு மாற்றப்பட்டது. மேசை லாச்சி.' கீழே என் பெயரின் முதலெழுத்துகள்.

பிளொப்பியை வெளியே எடுத்து, எச்சில் தொட்டுச் சந்தனத்தைத் தேய்த்தேன். வட்டையின் பெயர். அடியில் சிவப்பு மையில், 'அழிக்க வேண்டாம்.' என் கையெழுத்து அந்த நாட்களில் அழகாக இருந்தது.

"என்ன சேர், கிடைச்சிதா?"

"அழிஞ்சி போச்சி புள்ள."

"ஆரு அழிச்ச?"

லிகிதர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய பொட்டைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மெசின் பழசு" என்றேன்.

'குறித்த பதிவு இக்கந்தோரில் இல்லை' என்ற கடிதத்தின் வாசகம் எனக்கு மனப்பாடம். நான் சொல்ல லிகிதர் தட்டச்சு செய்தார். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினேன். கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. தமையன்காரனுக்கு வேண்டியிருந்ததும் அதே கடிதம்தான்.

அவள் அதை நாலாக மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"வயசான நேரத்துல எனக்காக இவ்வளவு கஷ்டப்பட்டீங்களே சேர்" என்றாள்.

"பரவாயில்ல" என்றேன்.