ஓஸெல் டிரிபிள் உட்கார்ந்திருந்தார்

கார்வர் ஃபெர்ரியில் ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பாதிப் பேரை ஓஸெல் டிரிபிள்தான் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போயிருக்கிறார். பதினான்காம் நம்பர் மஞ்சள் பஸ். ஆற்றோரத்துக் கறுப்பர் தெருக்களில் கிளம்பி, பாலத்தடியில் திரும்பி, மேட்டுப்பக்கம் வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகும். அந்த பஸ்ஸில் ஒரே ஒரு சட்டம். கத்தலாம், பாடலாம், ஒளித்து வைத்ததைத் தின்னலாம். வண்டி ஓடும்போது எழுந்து நிற்கக் கூடாது. எவனாவது எழுந்தால் கண்ணாடியில் அவனைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொல்வார்:

"உட்காரு கண்ணா. உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் மகள் டெனெட்ராவும் அதே பஸ்ஸில் போனவள். டிரைவர் மகள் என்று சலுகை கிடையாது. ஒருநாள் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்க எழுந்தவளை, பேர் சொல்லாமல், மற்றப் பிள்ளைகளைச் சொல்வது போலவே "கண்ணா" என்று சொல்லி உட்கார வைத்தார். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு அவள் படித்து மாவட்ட ஆஸ்பத்திரியில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலைக்குப் போனாள். நின்றுபோகும் இதயத்துக்கு ஷாக் கொடுத்து ஓடவைக்கும் பெட்டிகள் அவள் பொறுப்பில் இருந்தன. அவர் ஓய்வு பெற்றார். சர்க்கரை வியாதி வந்தது. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடத் தாமதித்தால் தலை சுற்றும், நாக்கு குழறும். அதற்காக வண்டிக் கதவின் பையில் எப்போதும் சின்னப் பாட்டிலில் ஆரஞ்சு ஜூஸ் வைத்திருப்பார்.

அக்டோபரில் ஒரு காலை, மருந்துக்கடைக்கு முன்னால், அது வந்தது. வருவது அவருக்குத் தெரிந்துவிட்டது. செய்ய வேண்டியதைச் செய்தார். பிக்கப் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார். கைதான் ஜூஸ் வரை போகவில்லை. வண்டிக்குள் ஒரு ஆள் குடித்துவிட்டுச் சரிந்து கிடக்கிறான் என்று யாரோ போலீசுக்கு போன் செய்தார்கள்.

வந்த போலீஸ்காரன் ட்ராவிஸ் ஹாடிக்ஸ். கையைக் காட்டு என்றான், இறங்கு என்றான். ஓஸெலுக்கு வார்த்தைகள் கேட்டன, அர்த்தம் வந்து சேரவில்லை. அவர் கை மெல்ல மெல்லக் கதவுப் பைக்குள் போனது. ட்ராவிஸ் மின்சாரம் பாய்ச்சும் ஷாக் துப்பாக்கியை அழுத்தினான். இரண்டு முட்கள் சட்டையைத் துளைத்து நெஞ்சில் ஏறின. அழுத்திவிட்டுக் கதவைத் திறந்தான். விறைத்த உடம்பு அப்படியே வெளியே சாய்ந்து, முகம் நடைபாதைக் கல்லில் மோதியது. முன்பற்கள் போயின. ஜூஸ் பாட்டில் உருண்டு ரோட்டுக்குப் போனது.

விசாரணை நடந்தது. அதிகாரி விதிப்படிதான் நடந்துகொண்டார் என்று முடிவு வந்தது. அது பொய்யும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறவனைப் பற்றி விதியில் ஒரு வரியும் இல்லை.

டெனெட்ரா வலியைப் பற்றிக் கேட்டாள். அவர் வேறு ஏதோ யோசனையில் இருந்தார்.

"வண்டிய ஓரமா நிறுத்தினேன், எஞ்சினை அணைச்சேன், உட்கார்ந்திருந்தேன். அப்ப அத்தனை வருஷமா அந்தப் பிள்ளைங்ககிட்ட நான் பொய்யா சொல்லிட்டிருந்தேன்?"

"டாடி, அது பஸ்ஸுக்குச் சொன்னது."

"ட்ராவிஸும் அந்த பஸ்ஸுலதான் வந்தான். எனக்குப் பின்னாடி சீட்டு. தினம் வாந்தி எடுப்பான். அவன்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

அன்றிலிருந்து அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். உட்கார்ந்திருக்கிறவன் மேல் ஷாக் பாய்ச்சக் கூடாது. போலீஸ் விதியில் அதைச் சேர்க்க வேண்டும். நஷ்ட ஈடு கேட்கவில்லை. ட்ராவிஸை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை. கடையில் அவனைப் பார்த்தபோது, "என்னப்பா, இன்னும் வண்டியில ஏறினா குமட்டுதா?" என்று கேட்டார். அவன் சாமான் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

நகர வக்கீல் வீட்டுக்கு வந்தார். புதுப் பல் கட்டும் செலவை நகரசபை ஏற்கும், ஆனால் இந்த விஷயத்தை இனி எங்கும் பேசுவதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஓஸெல் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"பல்லைக் குடுத்துட்டு வாயை எடுத்துக்கறீங்களா? நல்லா இருக்கு சார் உங்க வியாபாரம்."

பல் கட்டிக்கொள்ளவே இல்லை. நகரசபைக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் முன்கூட்டிப் பேர் கொடுத்துவிட்டு மூன்று நிமிடம் பேசலாம். மைக் முன்னால் ஜூஸ் பாட்டிலை வைப்பார். அவையில் உணவுப் பண்டத்துக்கு அனுமதி இல்லை என்பார் சபைத் தலைவர் ப்ரென்ட் ஹால்வர்சன், அவரும் ஒருகாலத்தில் மேட்டுப்பக்கம் அந்த பஸ் ஏறியவர்தான். "இது மருந்து" என்பார் இவர். மூன்று நிமிடம் முடிந்தால் எழுத்தர் வாண்டா கோவால்ஸ்கியின் கடிகாரம் கீச்சென்று கத்தும். "நேரம் முடிஞ்சது, மிஸ்டர் டிரிபிள்" என்பாள் அவள். "நேரம்தான் முடிஞ்சது வாண்டா, நான் முடிக்கல" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

ஹால்வர்சன் ஒரு வழி கண்டுபிடித்தார். அன்றைய கூட்டத்தின் பொருள் பட்டியலில் உள்ளதைப் பற்றி மட்டுமே பேசலாம் என்று விதி கொண்டுவந்தார். ஷாக் துப்பாக்கி எந்தக் கூட்டத்தின் பொருளிலும் வராமல் பார்த்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் பொருள், இலையுதிர்காலச் சருகு அள்ளுவது. ஓஸெல் பேர் கொடுத்திருந்தார்.

"சருகு அள்றதுக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. அது பாட்டுக்குத் தரையில உட்கார்ந்திருக்கு. யாரும் அதுக்கு ஷாக் வைக்கல. மனுஷனையும் அப்படியே விட்டுடலாம்னு கேட்டுக்கறேன். நன்றி."

அதற்கடுத்து குடிநீர்த் தொட்டிக்கு வெள்ளையடிப்பது. அதற்கடுத்து பூங்கா பெஞ்சு. பெஞ்சு அன்று அவருக்குக் கொண்டாட்டம். அவர் பேசுவதைக் கேட்கவென்றே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

டெனெட்ராவுக்கு இது பிடிக்கவில்லை. "டாடி, ஜனங்க சிரிக்கறாங்க. மின்சாரம் எவ்வளவு, உடம்புல எப்படிப் பாயுது, இதயத்தை என்ன செய்யும், நான் எழுதித் தரேன். நம்பரைச் சொல்லுங்க."

"நம்பரெல்லாம் அவங்ககிட்டயே இருக்கும்மா. என்கிட்ட ஈறுதான் இருக்கு."

குளிர்காலம் முடியும்போது வழி திறந்தது. எல்லாப் போலீஸ்காரர்களுக்கும் புது ஷாக் துப்பாக்கி வாங்க நகரசபை தீர்மானம் கொண்டுவந்தது. வாங்க வேண்டுமென்றால் அது பொருளில் வந்துதான் ஆக வேண்டும். ஆற்றோரத்து உறுப்பினர் யோலாண்டா ஃப்ரை, அவளும் அந்த பஸ்ஸில் போனவள்தான், ஓஸெலின் வாக்கியத்தைத் தீர்மானத்தில் ஒரு திருத்தமாகச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். ஓஸெல் முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். தொலைபேசியை வைத்துவிட்டு மகளிடம், "இந்தத் தடவை பெஞ்சு, தொட்டி எதுவும் வேண்டாம். நேரா விஷயம்" என்றார்.

அந்த வாரக் கடைசியில், நாற்காலியில், டிவி ஓடிக்கொண்டிருக்க, இறந்துபோனார். உட்கார்ந்தபடியே.

இதயம் என்றார் டாக்டர். அக்டோபருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று டெனெட்ரா கேட்டாள். சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாது என்பது அவளுக்கும் தெரியும். இரண்டு புள்ளிக்கு நடுவில் கோடு போட அவள் படிப்பு இடம் தரவில்லை. இருந்தாலும் அடுத்த நாள் வேலைக்குப் போனவள், ஷாக் பெட்டியைச் சோதிக்கும் நேரத்தில், சார்ஜ் ஏறும் அந்த விசில் சத்தம் கேட்டதும் அதை அணைத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் நின்றாள்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பொரித்த கெளுத்தி மீன், கீரை, சோள ரொட்டி. சர்ச் ஊழியரும் அப்பாவின் கூட்டாளியுமான டீக்கன் லூசியஸ் பீஸ்லி தட்டோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை ஓஸ்தான் முதல் ஆளு. தெரியும்ல?"

"நான் போய்ப் பேசறேன் அங்கிள்."

"லிஸ்டை மூடிட்டாங்க. ஒருத்தன் நேரத்தை இன்னொருத்தன் எடுக்க முடியாது. அதுவும் ஹால்வர்சன் போட்ட சட்டம். உங்கப்பனுக்குன்னே போட்டது." மீன்முள்ளைத் தட்டோரம் வைத்தார். "கூப்பிடுவான், யாரும் வரலைன்னா பேரை அடிச்சிடுவான். அவ்வளவுதான்."

டெனெட்ரா கொஞ்ச நேரம் கீரையைக் கிளறினாள். "பேர் குடுத்தவர்தான் பேசணுமா?"

"ஆமாம்."

"அப்ப அவரே பேசட்டும்."

டீக்கன் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு, "நான் ரெண்டாவது ஆளு" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

செவ்வாய் மாலை நகரசபைக் கூடம் நிறைந்திருந்தது. காவலுக்குக் கதவருகே நின்றவர்களில் ட்ராவிஸும் ஒருவன். டீக்கன் அவனைத் தாண்டும்போது பக்கத்து நாற்காலியைக் காட்டி, "உட்காரேன்" என்றார். அவன் உட்காரவில்லை.

ஹால்வர்சன் பட்டியலைப் பார்த்து வாசித்தார். "ஓஸெல்..." நிறுத்தினார். "மன்னிக்கணும். இந்தப் பேரை எடுத்திருக்கணும். அடுத்து, லூசியஸ் பீஸ்லி."

டீக்கன் அசையவில்லை. டெனெட்ரா எழுந்து மைக் வரை போனாள். கைப்பையிலிருந்து ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலை எடுத்து வைத்தாள்.

"மேடம், நீங்க லிஸ்டுல இல்லை."

"நான் பேச வரல."

"பின்ன?"

"இது அவர் நேரம். அவர் எடுத்துக்கட்டும்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பாட்டில் அங்கேயே நின்றது.

"மிஸ்டர் பீஸ்லி, உங்களைக் கூப்பிட்டேன்."

"கேட்டுதுங்க. ஒருத்தர் பேசும்போது குறுக்கே போற பழக்கம் எனக்கு இல்லை."

மூன்றாவது பேர் மிஸஸ் கோர்டீலியா நன், சலவைக்கடைக்காரி. "நான் டீக்கனுக்கு அப்புறம்தான். வரிசைன்னா வரிசை" என்றாள். நான்காவது ஆள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

ஹால்வர்சன் முகம் சிவந்தது. "இப்படியே போனா, யாருக்கும் பேச விருப்பமில்லைன்னு முடிச்சுட்டு நேரா ஓட்டுக்குப் போயிடுவேன்."  அவர் அப்படிச் செய்ய முடியும் என்று டெனெட்ராவுக்குத் தெரியும். செய்தால் டீக்கனின் நேரமும் போச்சு, எல்லோர் நேரமும் போச்சு, அப்பாவின் வாக்கியத்துக்கு வாதாட ஒரு குரல்கூட இருக்காது. அதைக் கெடுத்தவள் அவளாக இருப்பாள். ஹால்வர்சன் சுத்தியலை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆண் குரல், நிதானமாக, கொஞ்சம்கூட உயராமல்.

"உட்காரு கண்ணா."

யாரோ சிரித்தார்கள். இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு பெண், "உட்காரு கண்ணா" என்றாள். பிறகு நாலைந்து பேர். யோலாண்டா ஃப்ரை சபை மேசையில் இருந்துகொண்டே வாய்க்குள் சொன்னாள்.

ப்ரென்ட் ஹால்வர்சன் உட்கார்ந்தார். யோசித்து உட்காரவில்லை. முழங்கால் தானாக மடங்கியது. உட்கார்ந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மறுபடி எழுவதா வேண்டாமா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாண்டா கோவால்ஸ்கி கையை நீட்டிக் கடிகாரத்தின் பொத்தானைத் தட்டி ஓடவிட்டாள்.

கூடம் அடங்கியது. சிவப்பு எண்கள் இறங்கின. டெனெட்ரா முதலில் எண்களைப் பார்த்தாள், பிறகு பாட்டிலைப் பார்த்தாள். தான் எழுதித் தந்த நம்பர்களை அவர் ஒருதடவைகூட வாசிக்கவில்லை என்று நினைத்தாள். சருகைப் பற்றி அவர் பேசிய அன்று தானும் சிரித்திருக்கலாம் என்று நினைத்தாள். கதவருகே ட்ராவிஸ் பாட்டிலைப் பார்த்தான், பிறகு ஷூவைப் பார்த்தான். கடைசிவரை தலையைத் தூக்கவில்லை.

கீச்சென்று கத்தியது.

"நேரம் முடிஞ்சது, மிஸ்டர் டிரிபிள்" என்றாள் வாண்டா. வழக்கம்போலத்தான் சொன்னாள். ஆனால் பதில் வருமென்று ஒரு கணம் காத்திருந்தாள்.

டீக்கன் எழுந்து மைக் முன்னால் போய்ப் பாட்டிலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "ஓஸ் சொன்னதைக் கேட்டீங்க. நான் அதுக்கு மேல ஒண்ணும் சேர்க்க வேண்டியதில்லை. ஆனா எனக்கும் மூணு நிமிஷம் இருக்கு" என்று தொடங்கினார்.

துப்பாக்கி வாங்கும் தீர்மானம் நிறைவேறியது. ஓஸெலின் வாக்கியமும் ஒரு ஓட்டில் நிறைவேறியது. ஆனால் கடைசி நேரத்தில் ஹால்வர்சன் அதற்கு ஒரு வால் ஒட்டினார். உட்கார்ந்திருப்பவர் மேல் ஷாக் பாய்ச்சக் கூடாது, அதிகாரிக்கு அவசியம் என்று தோன்றினாலன்றி.

வெளியே படிக்கட்டில் டீக்கன் கோட்டு பட்டனைப் போட்டார். "சட்டத்துல போட்டிருக்கான் பாரு ஓட்டை. பதினாலாம் நம்பர் பஸ்ஸே போகும்."

டெனெட்ரா ஜூஸ் பாட்டிலை அப்பாவின் வண்டிக் கதவுப் பையில் வைத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினாள். அந்த வண்டியை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் முதல் பெட்டியைத் திறப்பதற்கு முன், நகரசபைக்கு போன் செய்தாள்.

"அடுத்த கூட்டத்துக்குப் பேர் குடுக்கணும்."

"போலீஸ் விஷயம் முடிஞ்சாச்சு மேடம், பொருள்ல இல்லை" என்றாள் வாண்டா. "நாய் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கு."

"அதுக்குத்தான்."

"உங்ககிட்ட நாய் இருக்கா?"

"இல்லை. ஆனா நாயைப் பத்தி ஒரு விஷயம் தெரியும். உட்காருன்னா உட்காரும். உட்கார்ந்ததுக்கு அப்புறம் யாரும் அதை அடிக்கறதில்லை."

அந்தப் பக்கம் விசைகள் தட்டப்படும் ஒலி கேட்டது.

"டெனெட்ரா டிரிபிள்" என்றாள் வாண்டா. "முதல் ஆளாப் போட்டிருக்கேன். மூணு நிமிஷம்தான், தெரியும்ல?"

"தெரியும்."