பார்க்காமல் பார்த்த கல்யாணம்

தங்கச்சியின் கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டேன் என்று பதினேழு வருடங்களுக்கு முன்பு ஒரு பொய் சொன்னேன். ரொறன்ரோவிலிருந்து அவள் டெலிபோனில் கேட்டபோது, "பாத்தனான், வடிவா எடுத்திருக்கினம்," என்று வாயில் வந்துவிட்டது. உண்மையில் அவள் அனுப்பிய டிஸ்க் எங்கள் பிளேயரில் ஓடவே இல்லை. வெள்ளவத்தையில் நான் ஏறி இறங்காத வீடியோக் கடை இல்லை. கடைசியாக ஒரு கடைக்காரர்தான் உறையைத் திருப்பிப் பார்த்து, இது எச்.டி. டிவிடி, சாதாரண டிவிடி இல்லை, இதற்குத் தனி மெசின் வேண்டும், இங்கே ஒருவரிடமும் இராது என்று கையில் திருப்பித் தந்தார்.

அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்களுக்குள் ஏற்கெனவே மனஸ்தாபம். அம்மா இறந்து ஆறு மாதத்தில், அம்மாவின் கல்யாணக் கூறைச் சேலையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கனடாவுக்குப் போனவள் அவள். கல்யாணத்துக்குப் போக எனக்கு விசாவும் தரவில்லை. இந்த நிலைமையில், உன் டிஸ்க்கைப் போட்டுப் பார்க்க எங்களிடம் மெசின் இல்லை என்று அவளிடம் போய் நிற்பதா? நானா?

பிறகு அந்த வகை டிஸ்க்கே உலகத்தில் இல்லாமல் போனது. நாங்களும் பொங்கலுக்கு, பிறந்தநாளுக்கு என்று சுகம் விசாரிக்கிற அளவில் நின்றுவிட்டோம். இந்த வருடம் அவளுடைய மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு வைத்தார்கள். ஊருக்கெல்லாம் அனுப்பிய அதே கார்ட் எனக்கும் வாட்ஸ்அப்பில் வந்தது. நெஞ்சு எரிந்தது. ஆனாலும் விண்ணப்பித்தேன், இந்த முறை விசா கிடைத்தது. அங்கே போனால் யாராவது அந்த வீடியோவைப் பற்றிக் கதைப்பார்கள், நீ திருதிருவென்று முழிப்பாய் என்று என் மனுசன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. போவதற்கு முன்பு பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

இணையத்தில் மூன்று கிழமை தேடினேன். கொட்டாஞ்சேனையில் ஒருவர் பழைய கேம் மெசின் ஒன்றையும், அதனோடு சேர்த்துப் போடுகிற எச்.டி. டிவிடி பிளேயரையும் விற்பதாகப் போட்டிருந்தார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் இத்தாலிக்குப் போகும்போது விட்டுப்போன சாமான்களாம். ஓட்டோவில் போய், இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பிளேயர் தடித்த அகராதி அளவு இருந்தது. அதற்குத் தனி பிளக், கேம் மெசினோடு இணைக்கத் தனி வயர். எல்லாம் கொழுவி டிஸ்க்கைப் போட்டால், முதலில் இதற்குரிய மென்பொருள் டிஸ்க்கைப் போடு என்று டிவியில் எழுத்து வருகிறது. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். அப்படி ஒன்றும் இல்லை. விட்டுத்தொலை, தங்கச்சியிடம் வேறு கொப்பி கேள் என்றார் மனுசன். விடுவேனா? கொட்டாஞ்சேனைக்கு மூன்று நாள் விடாமல் போன் எடுத்தேன். நாலாம் நாள் அந்த மனிதரே எடுத்தார்.

"மிஸ், வைஃப் தேடி எடுத்திட்டா. கோயில் பாட்டு சிடியளுக்குள்ள கிடந்திருக்கு."

மறுபடியும் ஓட்டோ. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அதைப் போட்டு ஏற்றினேன். பிறகு கல்யாண டிஸ்க்கைப் போட்டேன். பிளேயர் கரகரவென்று சுற்றியது, நின்றது, திரும்பச் சுற்றியது. ஓடாவிட்டால் உன்னை பல்கனியால் எறிவேன் என்று அதனிடம் சொன்னேன். ஓடியது.

முதலில் பூ, பிறகு பெயர்கள், பிறகு தங்கச்சி. தலை அலங்காரம் முடிந்து ஒரு கட்டிலில் தனியாக இருந்தாள். மடியில் அம்மாவின் கூறை. நேரே கமராவைப் பார்த்துக் கதைத்தாள்.

"அக்கா, உங்களைக் கேக்காமக் கொண்டு வந்தது பிழைதான். உடுக்க மனம் வரேல்லை. வேணுமெண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, அனுப்பிவிடுறன். கோவம் போகேல்லையெண்டா ஒண்டும் சொல்லவேண்டாம். நான் விளங்கிக்கொள்ளுவன்."

இதற்குத்தான், சேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், 'வடிவா எடுத்திருக்கினம்' என்று பதில் சொல்லியிருக்கிறேன். மனுசன் எழுந்து தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனார்.

ரொறன்ரோவில் அப்போதுதான் விடிந்திருக்கும். அதைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. போன் எடுத்தேன். இந்த நேரத்தில் கொழும்பிலிருந்து கோல் வந்தால் செத்தவீட்டுச் செய்திதான் என்று அவள் பதறிப்போனாள்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. உன்ர கல்யாண வீடியோவை இப்பதான் பாத்தனான்."

அவள் கட்டிலில் எழும்பி இருக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப ஏன் அண்டைக்குப் பாத்தனான் எண்டு சொன்னனீங்கள்?"

"கெப்பர்," என்றேன். "எல்லாம் என்ர கெப்பரும் திமிரும்தான்."

அவள் அழத் தொடங்கினாள். அந்த வீடியோவில் கூறையை மடியில் வைத்திருந்த அதே பிள்ளையின் குரல்.