தொட்டிக்குள் போட்ட படையல் சோறு

என் வீட்டுக்காரர் வளர்த்த மீன்தொட்டி, அவர் போன பிறகும் அவர் படத்துக்குக் கீழேதான் இருக்கிறது. அமாவாசையன்று படையல் சோற்றைக் காக்கைக்கு வைத்தேன். ஒரு காக்கையும் தொடவில்லை. அவர் மீன்கள் தின்றாலாவது அவருக்குச் சேரும் என்று, யாருக்கும் தெரியாமல் ஒரு பிடியைத் தொட்டிக்குள் போட்டேன்.

சில நாளில் நாற்றம் வந்தது. தண்ணீர் கஞ்சிபோல வெளுத்தது. முழுத் தண்ணீரையும் மாற்றினேன், மறுபடியும் நாறியது. அவருக்குப் பசி அடங்கவில்லை என்று பயந்து இன்னொரு பிடி போட்டேன். காலையில் ஒரு மீன் செத்து மிதந்தது.

"அத்த, வீடே பொணவாட வீசுது. தொட்டிய யாருக்காச்சும் குடுத்துடலாம்" என்றாள் மருமகள்.

எனக்கு மனசு வரவில்லை. அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் முகர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, சோறு போட்டியா?"

"மீனுக்கு இல்லப்பா. அவருக்கு."

கடைக்காரர் சிரிக்கவில்லை. வீட்டுக்கே வந்து, தொட்டியின் அடியில் பரப்பியிருந்த கல்லுக்கடியில் அழுகிக் கிடந்த சோற்றைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்.

"மொத்த தண்ணியும் மாத்தாதம்மா. வாரத்துக்கு ஒருதபா அடிய உறிஞ்சிட்டு, கால்வாசி மாத்து. நாறாது."

நாற்றம் போய்விட்டது. அடுத்த அமாவாசையன்று, கையில் சோற்றோடு தொட்டி அருகே நின்றேன். எல்லா மீன்களும் என் கைப்பக்கமே கூடி, கண்ணாடியில் வாயை ஒட்டி, திறந்து திறந்து மூடின. ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பிடியை நானே தின்றேன்.

அவருக்குச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. மீன்கள் உயிரோடு இருக்கின்றன.