ஜட்டி எலாஸ்டிக் கட்டிய பேட்டரி

எங்கள் அப்பாவுக்கு அளவான பொருள் என்றாலே ஆகாது. எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிசாக இருக்க வேண்டும். புது யூனிபார்ம் போட்டுக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனால் டீச்சருக்கு முதலில் துணிதான் தெரியும். உள்ளே தேடிப் பார்த்தால்தான் நான் தெரிவேன். அதற்கு அவர் சொல்வது தொழில் நியாயம். அருள்புரத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு ஜட்டிக் கம்பெனி இருந்தது. பனியன் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். அதனால் கட்டிங்கில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவார்கள். "பெரிசாப் போனா மடிச்சுத் தெச்சுக்கலாம், சின்னதாப் போனா என்னத்தப் பண்றது?" என்று கட்டிங் மாஸ்டரிடம் சொல்வதையே வீட்டில் செருப்புக்கும் சொல்வார், குக்கருக்கும் சொல்வார். கடைசியில் கார் பேட்டரிக்கும் சொன்னார். அங்கேதான் வந்தது வினை.

அவர் வாங்கியதிலேயே சின்னப் பொருள் அந்தக் கார்தான். கைக்கு எட்டியது அவ்வளவு. யாரோ ஓட்டிச் சலித்த பழைய வண்டி, வெளிறிப்போன சிவப்பு. நான் நாலாவது படித்த வருஷம் அதன் பேட்டரி போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் சாவியைத் திருகினால் ஒரு முனகல், அவ்வளவுதான். கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன்கள் "தக்கா மாரோ" என்று கத்திக்கொண்டு தெருமுனை வரை தள்ளுவார்கள். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், தள்ளுகிறவர்களுக்கும் தமக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

அந்தச் சமயம் பார்த்து மடத்துக்குளத்தில் மாமாவுக்குக் கல்யாணம் வந்தது. அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி, அவருக்கு அம்மா ஒரே அக்கா. எங்கள் பக்கம் தாலி கட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இணைச்சீர் என்று ஒன்று செய்வார்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் கூடப் பிறந்தவளை இணையாக உட்கார வைத்து, கூறைச் சேலையின் ஒரு தலைப்பை அவள் கையிலும் இன்னொரு தலைப்பை அவனிடமும் கொடுத்துச் செய்கிற சீர். எத்தனை உடன்பிறந்தானோ அத்தனை தடவைதான் ஒரு பெண்ணுக்கு அந்த மரியாதை கிடைக்கும். அம்மாவுக்கு ஆயுசில் ஒரே தடவை. நேரத்துக்கு வராவிட்டால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். பங்காளி வீட்டில் தங்கை முறையாகிற ஒருத்தியை உட்கார வைத்து முடித்துவிடுவார்கள். அதற்கென்றே அம்மா அரக்கு நிறத்தில் பட்டு எடுத்து பீரோவில் வைத்திருந்தாள். துணி எடுக்க, நகை எடுக்க என்று ஏதாவது சாக்குச் சொல்லி தினமும் பீரோவைத் திறந்து அதைத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

ரெண்டு நாள் முன்னாடியே பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். அப்பா கேட்டால்தானே!

"ஒத்தை அக்கா, பையைத் தூக்கிட்டு பஸ்ஸுல போயி எறங்குனா நல்லாவா இருக்கும்? உங்க பெரியப்பன் வாய் சும்மா இருக்குமா? கம்பெனி லோடு ஏத்துனதும் கார்லயே போயர்லாம்."

அந்தப் பெரியப்பன், அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்கு அண்ணன், எனக்குப் பெரியப்புச்சி, லேசுப்பட்டவர் இல்லை. ஒருமுறை எங்கள் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க மாப்ள, இதுக்குள்ள சோப்புப் போட்டுக்கிட்டுத்தான் ஏறுவீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டவர். அப்பா அன்றைக்குச் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

ஆக, கார் போக வேண்டும், போனால் நிற்கக் கூடாது, புது பேட்டரி வேண்டும். பேட்டரிக் கடைக்காரர் இந்தக் காருக்கு உரியதை எடுத்து வைத்தாராம். அப்பா அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வேனுக்குப் போடுகிற பேட்டரி இருந்ததாம், அதை வாங்கி வந்துவிட்டார். ரெண்டு பேர் இறக்கினார்கள். எங்கள் வாசலில் வைத்தபோது அதுவே காரில் பாதி இருக்கும் போலத் தெரிந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இது நம்ம வண்டிக்கு ஆகுமுங்களா? வேண்டாமுங்க, குடுத்துட்டு அளவானதே வாங்கியாந்துருங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாது புள்ள. பெரிசுன்னா பவரு ஜாஸ்தி."

அவள் அன்றைக்குச் சாயங்காலமும் சொன்னாள், அடுத்த நாள் தோசை ஊற்றும்போதும் சொன்னாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். எனக்கு ஒரே குழப்பம். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய பேட்டரி போட்டால் சின்னக் கார் பெரிய கார் மாதிரி ஓடும் என்பதும் நியாயமாகத்தான் பட்டது. யார் பக்கம் சேருவது என்று தெரியாமல் ரெண்டு பக்கமும் தலையாட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் கம்பெனி மெஷின் மெக்கானிக்கும் சேர்ந்து வேலையை ஆரம்பித்தார்கள். மெக்கானிக் ஓவர்லாக் தையல் மெஷினைக் கழற்றி மாட்டுவதில் புலி. காரின் பானெட்டை அதற்கு முன் திறந்து பார்த்தவரா என்பது சந்தேகம். பழைய பேட்டரி உட்கார்ந்திருந்த தகரத் தட்டில் புதுசு பாதிதான் உட்கார்ந்தது, மீதி வெளியே தொங்கியது. அதைப் பிடித்து நிறுத்துகிற இரும்புப் பட்டை இதற்கு எட்டவில்லை. போதாக்குறைக்குப் பழையதில் வலப்பக்கம் இருந்த பிளஸ் முனை இதில் இடப்பக்கம். சிவப்பு ஒயரை இழு இழு என்று இழுத்து எப்படியோ மாட்டினார்கள்.

"ஆடுமேங்க ஓனரு" என்றார் மெக்கானிக்.

அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கம்பெனிக்குப் போய், கட்டிங்கில் விழுகிற பனியன் வேஸ்ட் ஒரு மூட்டையும், ஜட்டி இடுப்புக்கு வைத்துத் தைக்கிற எலாஸ்டிக் ஒரு ரோலும் கொண்டுவந்தார். சந்துபொந்தில் எல்லாம் வேஸ்ட் துணியைத் திணித்தார்கள். எலாஸ்டிக்கை பேட்டரியின் மேலே ஏழெட்டுச் சுற்று சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். நீல எழுத்தில் எங்கள் கம்பெனியின் மார்க் அதில் வரிசையாக ஓடியது. "நம்ம எலாஸ்டிக்கு, வெளிநாட்டுக்காரன் இழுத்துப் பாத்து ஓக்கே பண்ணுனது" என்று அப்பா தட்டிக் காட்டினார். பானெட் மூடவில்லை. பேட்டரி முனை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. பார்சல் பெட்டியைக் கிழித்து ஒரு அட்டையை மேலே வைத்து, மெக்கானிக் பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்ததும் 'டப்' என்று மூடிக்கொண்டது.

சாவியைத் திருகினார். ஐயோ, அந்தச் சத்தம்! தொட்டதும் உறுமியது. ஹாரன்கூட முன்னைவிடக் கம்பீரமாகக் கேட்பதாக அப்பா சொன்னார். நானும் ஆமாங்க என்றேன். அம்மா மட்டும் உள்ளே போய்விட்டாள்.

சீர் நாளன்று மத்தியானமே கிளம்ப வேண்டியது. லோடு ஏறுவதற்குள் பொழுது இறங்க ஆரம்பித்துவிட்டது. அம்மா பட்டுக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மடியில் சீர்த் தாம்பாளத்தோடு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அத்தனை அழகாக நான் அவளைப் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. பல்லடம் தாண்டும் வரை கார் குதிரை மாதிரி ஓடியது. அப்பா விசில் அடித்தார்.

வேகத்தடைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் முன்னால் 'தொம்' என்று ஒரு சத்தம்.

"ஏனுங்க, என்னமோ இடிக்குதுங்க."

"ரோடு அப்படி."

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. எலாஸ்டிக் என்றால் இழுத்தால் நீள வேண்டும். அதற்குத்தானே அதை இடுப்பில் வைத்துத் தைக்கிறார்கள்? அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. ஒவ்வொரு குதிக்கும் நீண்டு கொடுத்தது. பேட்டரி எழும்பி எழும்பி அட்டையைத் தேய்த்துக் கிழித்துவிட்டது. குடிமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய குதி. பேட்டரி முனை பானெட் தகரத்தில் போய் முட்டியது. 'பட்' என்று வெடித்த மாதிரி ஒரு சத்தம், பானெட் இடுக்கில் நீலமாகப் பொறி, உடனே புகை. கார் நின்றுவிட்டது.

அப்பா ஓடிப் போய் பானெட்டைத் திறந்தார். திணித்து வைத்த பனியன் வேஸ்ட் குபுகுபுவென்று எரிய ஆரம்பித்திருந்தது. எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வைத்த மாதிரிதான். அப்பா வெறுங்கையால் துணியைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். அம்மா தாம்பாளத்தை என் மடியில் வைத்துவிட்டு, "எறங்கித் தூரமாப் போ கண்ணு" என்று கத்திக்கொண்டே இறங்கி, ரோட்டோரத்து மண்ணை ரெண்டு கையாலும் வாரி வாரி உள்ளே போட்டாள். பட்டுச் சேலை, வளையல், பூ எல்லாவற்றோடும். தீ அணைந்தது. சிவப்பு ஒயர் உருகிப் பாகாகிக் கிடந்தது.

அப்பா மாமாவுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. அப்புச்சிக்குப் போட்டார். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள், இப்போது திட்டப் போகிறாள் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கையைக் காட்டுங்க, சுட்டுருச்சா?"

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பஸ் வர வெகுநேரம் ஆயிற்று. காரை அங்கேயே விட்டுவிட்டு ஏறினோம். உடுமலையில் இறங்கி வேறு பஸ் மாறினோம். அம்மா வழி முழுக்கக் கண்டக்டரிடம் "இன்னும் எத்தனை நேரமாகுமுங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் கண்டக்டரே சங்கடப்பட்டு முன்னால் போய் நின்றுகொண்டார்.

மண்டபத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது சீர் நடந்துகொண்டிருந்தது. மாமாவுக்குப் பக்கத்தில் பெரியப்புச்சியின் மகள், எனக்குச் சின்னம்மா, கூறைச் சேலையின் தலைப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் மாமா "அக்கா..." என்று பாதி எழுந்துவிட்டார். சீர் செய்கிற அருமைக்காரர் அவர் தோளை அமுக்கி, "நடுவுல எந்திரிக்கக் கூடாதுங்க சாமி" என்றார். அம்மா தூரத்திலிருந்தே, உட்காரு உட்காரு என்று கையைக் காட்டினாள். கையெல்லாம் மண். அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் முகம் அப்படிக் கோணிப் போய் நான் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம்தான், பிறகு சரியாக்கிக்கொண்டாள்.

சீர் முடிந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அப்புச்சி, "ஏம்மிணி, இந்த ஒரு நாளுக்குக்கூட நேரத்துக்கு வர முடியாதா?" என்றார். அம்மா நடந்ததைச் சொன்னாள், கார் நின்றது, பேட்டரி பெரிசு, தீப்பிடித்தது என்று. பெரியப்புச்சி முன்னால் வந்து அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். அவர் மீசை ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க மாப்ள, சோப்புப் பெட்டிக்கு லாரி பேட்டரியா? யாரு குடுத்த ஓசனைங்க இது?"

மண்டபமே அப்பாவைப் பார்த்தது. அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அவுரு கடைக்காரரு குடுத்ததே போதும்னுதானுங்க பெரியப்பா சொன்னாரு. நாந்தான், தம்பி கல்யாணத்துக்குப் போறோம், பாதியில நின்னுட்டா என்னங்க பண்றது, பெரிசா வாங்குங்கன்னு ஒத்தைக்கால்ல நின்னேன். எல்லாம் என்னாலதானுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லீங்க பெரியப்புச்சி, அம்மா..." என்று ஆரம்பித்தேன். அம்மாவின் மண் கை என் தோளில் அழுந்தியது. "போய்ப் பலகாரம் வாங்கித் தின்னு போ கண்ணு."

"அதானே! பொம்பளை பேச்சைக் கேட்டுட்டு வண்டி ஓட்டுனா இப்படித்தான்" என்றார் பெரியப்புச்சி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். யார் என்ன தப்பாகச் சொன்னாலும் அங்கேயே பிடித்துத் திருத்துகிற எங்கள் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவள் அவள். அதை நான் என் ரெண்டு காதாலும் கேட்டேன். தோசை தின்றுகொண்டே கேட்டேன்.

மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். அப்பா சொம்பில் மொண்டு மொண்டு அவள் கையில் ஊற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் குடிக்கிற தண்ணீரைக்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்கிறவர்.

"ஏம்மா, பெரிய பேட்டரி வேண்டாம்னு சொன்னது நீதானே?"

அம்மா என்னைப் பார்த்தாள். "அப்படியா சொன்னேன்? மறந்தே போச்சு பாரு கண்ணு" என்றாள்.

அப்பா ஊற்றுவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது! முந்தாநாள் சொன்னதே மறந்துபோகிறது என்றால் எவ்வளவு பெரிய வியாதி? மறுநாள் முகூர்த்தம் முழுக்க நான் அவளைவிட்டு நகரவே இல்லை. அம்மா இது உன் செருப்பு, அம்மா இது நம்ம பை, அம்மா அது மாமா, அவருக்குத்தான் கல்யாணம் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "ஆமா கண்ணு, நல்லவேளை சொன்னே" என்றாள். அப்பா பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். பாவம், இவ்வளவு சின்ன வயசில் இப்படி ஒரு மறதியா என்று எனக்குத் துக்கமாக இருந்தது.