சோக்ளோவின் அம்மா

ரோமினா ஸ்பெயினுக்குக் கிளம்பியது மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகலில். வாடகைக் கார் வாசலில் உறுமிக்கொண்டு நிற்க, அவள் படிக்கட்டில் உட்கார்ந்து நாயின் காதுக்குள் என்னென்னவோ சொல்லி அழுதாள். சோளம் போல மஞ்சளாக இருப்பதால், சோளத்துக்கு அந்த ஊர்ச் சொல்லான சோக்ளோவே அதற்குப் பெயர். கடைசியில் அதன் வாரைக் கீழ்வீட்டு சூலேமாவின் கையில் கொடுத்தாள்.

“ஆறு மாசம்தான் சூலே. பேப்பரெல்லாம் சரியானதும் இவனை வரவழைச்சுக்குவேன்.”

“சரி பொண்ணே, முதல்ல நீ போய்ச் சேரு. விமானம் உனக்காக நிக்காது.”

கார் தெருமுனையில் திரும்பியதும் சோக்ளோ ஊளையிட்டது. இரவும் ஊளையிட்டது. எனக்காக யாராவது இப்படி அழுதிருக்கிறார்களா என்று சூலேமா படுக்கையில் கிடந்து யோசித்தாள். ஐம்பத்து நாலு வயது. புவெனோஸ் அய்ரெஸில், அல்மாக்ரோ பகுதியின் ஒரு சலவைக்கடையில் பத்தொன்பது வருடமாக இஸ்திரி போடுகிறாள். ஊரார் கோட்டுகள் அவள் கைச்சூட்டில் விறைத்து நிற்கும். வீட்டில் அவளை எதிர்பார்த்து நிற்க ஒரு பூனை கூடக் கிடையாது.

நாலு தெரு தள்ளிய பூங்காவின் மூலையில், கம்பி வேலிக்குள் நாய்களை அவிழ்த்துவிடும் திடல் இருந்தது. அங்கே மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, அவரவர் நாயின் பெயர்தான். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் எவாரிஸ்தோ, ஒற்றைக்கண் பிராத்தாவின் அப்பா. பல் மருத்துவர் அம்மாள், லூலுவின் அம்மா. சூலேமா மட்டும் யாருக்கும் அம்மா இல்லை.

“ரோமினா நாயைப் பாத்துக்கிறவங்க வந்துட்டாங்க!” என்பார் எவாரிஸ்தோ. “ஏங்க, ரோமினா எப்படி இருக்கா? சோக்ளோ இளைச்சிட்டானே, அவ பாத்தா சும்மா விடுவாளா?”

“உங்க பிராத்தாதான் வீங்கிப்போயிருக்கான், அவனைக் கவனிங்க.”

காலை ஏழு மணிக்குக் கூட்டிப் போவது அவள். எலும்புச் சாறு காய்ச்சி ஊற்றுவது அவள். ஆனால் திடலில் உயரமாக எந்தப் பெண் நுழைந்தாலும் சோக்ளோ கதவுக்கு ஓடி, மோந்து பார்த்து, வால் தொங்கத் திரும்பும். போதாக்குறைக்கு எவாரிஸ்தோ அதை வீடியோ எடுத்து ரோமினாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். சூலேமா எல்லோரையும் விட்டு விலகி, தண்ணீர்க் குழாயை ஒட்டிய பெஞ்சில் தனியாக உட்காரத் தொடங்கினாள். செப்டம்பரில் ஆறு மாதமும் முடிந்தது. ரோமினாவிடமிருந்து தகவல் இல்லை. சூலேமாவும் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: ரோமினா என்றால் யார் என்று கேட்கும் ஒரு திடல்.

இந்தத் திடலில் புழுதி அதிகம் என்று சலவைக்கடையில் காரணம் சொல்லிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு திடல் தேடினாள். வடக்கே பணக்காரர்கள் பக்கம் நல்ல புல். ஆனால் ஒரு சீமாட்டி சோக்ளோவைப் பார்த்துவிட்டு, “இது என்ன ஜாதி?” என்றாள். “தெரு ஜாதி. உங்களுது?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள் சூலேமா. மேம்பாலத்துக்கு அடியில் இருந்த திடலில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. தலைக்கு மேல் லாரி போகும்போதெல்லாம் சோக்ளோ அவள் காலுக்கிடையில் ஒடுங்கியது. அது ஒடுங்கியது அவளுக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் மனம் கேட்கவில்லை.

மூன்றாவது, இருபத்திரண்டு தெரு தள்ளி, ரயில் பாதையோரம். நல்ல திடல் என்றால் இரண்டு கதவு வேண்டும். ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும். இங்கே ஒரே கதவு, அதுவும் கம்பியால் கட்டியது. சூலேமா அதைப் பார்க்கத்தான் செய்தாள். அதற்குள் மாத்தே தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டாள்:

“நீங்க யாரோட அம்மா?”

“சோக்ளோவோட அம்மா,” என்றாள் சூலேமா. நாக்கு இனித்தது. “கண்ணு திறக்காத குட்டியிலேருந்து நான்தான் வளர்க்கிறேன்.”

கதவை அத்தோடு மறந்தாள். மூன்று வாரம், தினமும் விடியற்காலையில் இருபத்திரண்டு தெரு போக, இருபத்திரண்டு தெரு வர நடந்தாள். நாலாவது வாரம் யாரோ கதவைத் திறக்க, ரயில் அலற, சோக்ளோ சிட்டாகப் பறந்தது.

தண்டவாளம் நெடுக ஓடினாள். நின்றிருந்த லாரிகளுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தாள். ரோமினாவிடம் என்ன சொல்வது என்ற எண்ணம் ஒரு முறை கூட வரவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

“சோக்ளோவோட அம்மாங்களா?”

“ஆமா, ஆமா! யாரு பேசுறது?”

“பிராத்தாவோட அப்பா. உங்க பிள்ளை இங்க இருக்கான். மெதுவா வாங்க, பத்திரமா இருக்கான்.”

மூச்சு வாங்கப் பழைய திடலுக்குப் போய்ச் சேர்ந்தாள். கதவருகே நாய் இல்லை.

“அங்க ஏன் பாக்குறீங்க?” என்றார் எவாரிஸ்தோ. “குழாய்ப் பக்கம் உங்க பெஞ்சுக்கு அடியில கிடக்கான். பிஸ்கோத்து காட்டுனேன், நகரல. எங்கங்க போனீங்க இத்தனை நாளா? எங்க மேல கோவமா?”

“புழுதி,” என்று சொல்லிவிட்டு, அந்தப் புழுதியிலேயே மண்டியிட்டு நாயைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வருடம், அந்த ஊரின் குளிர்காலமான ஜூலையில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ரோமினாவிடமிருந்து செய்தி வந்தது. படத்தில் அவள் மடியில் ஒரு குட்டைக்கால் வெள்ளை நாய்.

“சூலே, இவன் பேரு மானி. தெருவுல கிடைச்சான். இங்க திடல்ல எல்லாரும் என்னை மானியோட அம்மான்னுதான் கூப்பிடுறாங்க! சோக்ளோ இனி உங்க பிள்ளை, நான் கேக்க மாட்டேன். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பொறாமைப்படுவான்.”

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. சூலேமாவுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பதினாறே மாதம்! அதற்குள் இன்னொருவனா? இவன் எத்தனை ராத்திரி ஊளையிட்டான் என்று அவளுக்குத் தெரியுமா? அந்த வெள்ளைக் குட்டைக்காலனுக்கு முகம் என்று ஒன்று இருக்கிறதா?

“யாரு, ரோமினாவா?” என்று எட்டிப் பார்த்தார் எவாரிஸ்தோ.

“ஒண்ணுமில்லை,” என்றாள். சோக்ளோ ஓடி வந்து அவள் முழங்காலில் மோவாயை வைத்தது. அதன் கண்ணில் பட்டுவிடாமல், தொலைபேசியைப் பெஞ்சில் குப்புறக் கவிழ்த்தாள்.